மத்திய வங்கி அதிகாரி விமானம் ஏறினால் மஸ்கெலியாவிலிருந்து கேட்கலாமா?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "மத்திய வங்கி, பிணையங்கள் ஆணைக்குழு மாதிரி இடங்களில் இருக்கிற பெரிய அதிகாரிகள் மாநாடு, பயிற்சி என்று வெளிநாடு போய் வருகிறார்கள். அந்தச் செலவை யார் சரிபார்க்கிறார்கள்? தோட்டத்தில் இருக்கிற எங்களுக்கு அதைக் கேட்கிற உரிமை உண்டா? கேட்டால்தான் சொல்வார்களா?"

உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2017 பெப்ரவரி 3இலிருந்து உண்டு. ஆனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டால் விமான டிக்கெட்டின் விலை மட்டும்தான் கைக்கு வரும். இந்த விடயத்தில் ஆகக் குறைந்த முக்கியம் உள்ளது அந்த விலைதான். அரச அலுவலகம் ஒன்றில் கணக்குப் பக்கம் இருந்தவன் என்பதால், பைல் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். அதை வைத்துக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு இதில் என்ன உரித்து என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024இல் வர்த்தமானியில் வந்த, தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளமான 1,350 ரூபாவை வைத்துப் பார்ப்போம். அதில் நூற்றுக்கு எட்டு, அதாவது 108 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிபடுகிறது. நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டு, 162 ரூபா போட வேண்டும். ஆக ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் வேலைக்கு, 270 ரூபா. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நிதியை நிர்வகிப்பது தொழில் ஆணையாளர். பணத்தை வைத்திருந்து முதலீடு செய்வது மத்திய வங்கி. தோட்டங்களில் சிலருக்கு இ.எஸ்.பி.எஸ்., சி.பி.பி.எஸ். என்று தனி நிதியங்களில் பணம் இருக்கிறது, அவர்கள் கதை வேறு. மற்றப்படி, கொழுந்து பறிக்கிற உங்கள் அம்மாவின் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சட்டப்படி காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்கிறவருக்கே தன் கேள்வி நியாயமானது என்று மனதில் உறுதி இருப்பது நல்லது.

அடுத்தது, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. கல்வித் திணைக்களமோ பிரதேச செயலகமோ செலவழிப்பது பாராளுமன்றம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம். வங்கி, பங்குச் சந்தை, காப்புறுதி என்று கண்காணிக்கிற நிதி ஒழுங்குமுறை நிறுவனங்கள் அப்படியல்ல. மத்திய வங்கி தன் சொந்த வருமானத்தில் நடக்கிறது. பங்குச் சந்தையைப் பார்க்கிற பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு ஒவ்வொரு பங்குக் கொடுக்கல் வாங்கலிலிருந்தும் ஒரு சிறு வரி போகிறது. காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு, நீங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டுகிற காப்புறுதிக் கட்டணத்திலிருந்தும் ஒரு துளி போகிறது. இப்படி வைத்ததில் நியாயம் உண்டு. அமைச்சரிடம் கையேந்தி நிற்கிற இடம் அமைச்சரின் நண்பருடைய கம்பனியைப் பிடிக்காது. ஆனால் அதன் மறுபக்கம், செலவுக்கு வெளியே இருந்து கடிவாளம் போட யாரும் இல்லாமல் போவது. 2024 ஆரம்பத்தில் மத்திய வங்கி தன் ஊழியர்களின் சம்பளத்தை 70 சதவீதம் வரை உயர்த்தியது நினைவிருக்கும். நாடு வங்குரோத்தான இரண்டு வருடத்துக்குள் அது நடந்தது. சட்டப்படி சரிதான், ஆளுகைச் சபை முடிவு செய்யலாம். சனம் கொதித்து, பாராளுமன்றக் குழு அழைத்து விசாரித்த பிறகுதான் அதை மீளாய்வு செய்ய ஒரு நிபுணர் குழு வந்தது. சம்பளத்துக்கே இந்த நிலைமை என்றால் பயணப்படி எல்லாம் எந்த மூலைக்கு?

அப்படியென்றால் கேட்பாரே இல்லையா? இருக்கிறார்கள். மத்திய வங்கி உட்பட இந்த இடங்களை எல்லாம் கணக்காய்வு செய்கிற அதிகாரம் கணக்காய்வாளர் நாயகத்துக்கு உண்டு. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், வீணாக்கிய பணத்தை வீணாக்கியவரிடமே அறவிடுகிற மிகைக்கட்டணத்துக்கும் வழி வைத்திருக்கிறது. கணக்காய்வு அறிக்கை, அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றக் குழுவான கோப் குழுவுக்குப் போகும், அங்கே கூப்பிட்டு வறுத்தெடுப்பார்கள், தொலைக்காட்சியில் நாமும் பார்ப்போம். பிறகு பரிந்துரை. கோப் குழுவால் யாரையும் தண்டிக்க முடியாது என்பதை அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். கணக்காய்வாளர் எழுத்தில் விளக்கம் கேட்கிற கணக்காய்வு ஐயவினா ஒன்று வந்தால் பதில் எழுதுவதற்கென்றே ஒரு கலை இருக்கிறது; "எதிர்காலத்தில் கவனத்தில் கொள்ளப்படும்" என்ற ஒரு வரியால் எத்தனையோ பேர் ஓய்வூதியம் வரை தப்பிப் போயிருக்கிறார்கள்.

இனி பேப்பர்கள். பயணச் செலவு என்றதும் எல்லாருக்கும் வெளிநாடுதான் ஞாபகம் வரும். எனக்கு நுவரெலியாதான். ஏப்ரல் சீசனில் கிரகரி வாவியைச் சுற்றி நிற்கிற வாகனங்களின் இலக்கத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அரச நிறுவனங்கள் பலவற்றுக்கு நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் அதிகாரிகள் தங்குகிற சர்க்கியூட் பங்களாக்கள் உண்டு. ஒவ்வொரு அரச வாகனத்துக்கும் ரன்னிங் சார்ட் என்று ஒரு தாள்: எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கிருந்து எங்கே, மீற்றர் எவ்வளவில் தொடங்கி எவ்வளவில் முடிந்தது, என்ன வேலை, யார் போனார், அவருடைய கையொப்பம். அரச பணம் பற்றிய விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 1646இன்படி, மாதச் சுருக்கத்தோடு அந்தத் தாள்கள் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் கணக்காய்வாளர் நாயகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் பார்த்த ஒரு தாளைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வியாழக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து நுவரெலியா, "மேற்பார்வை". வெள்ளி முழுநாளும் நகருக்குள் சில கிலோமீற்றர். சனி, கந்தப்பளைப் பக்கம் ஒரு ஓட்டம், வேலை என்ற கட்டத்தில் மறுபடியும் "மேற்பார்வை". ஞாயிறு திரும்பல். கொழும்பிலிருந்து நுவரெலியா அட்டன் வழியாகச் சுமார் 180 கிலோமீற்றர்; போக வர 360. தாளில் இருந்ததோ ஐந்நூற்றுக்கு மேல். அந்த நிறுவனத்துக்குக் கந்தப்பளையில் எந்த அலுவலகமும் கிடையாது, மேற்பார்வை செய்ய உருளைக்கிழங்குத் தோட்டம்தான் இருந்தது. கையொப்பம் மட்டும் சுத்தமாக, பச்சை மையில். இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கோபமான கட்டுரையும் தேவையில்லை. மீற்றர் வாசிப்பும் "வேலை" என்ற கட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்தாலே போதும்.

வெளிநாட்டுப் பயணத்தின் பைல் இதைவிடக் கொழுத்தது. அழைப்புக் கடிதம், யார் யார் போவது என்ற முன்மொழிவு, அனுமதி, டிக்கெட், நாளாந்தப் படிக்கான முற்பணம், திரும்பி வந்ததும் முற்பணத்தைத் தீர்த்த வவுச்சர், கடைசியாகப் பயண அறிக்கை. அந்தக் கடைசித் தாள்தான் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை அப்படியே பார்த்து எழுதியதாக இருக்கும். போனவர் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருவர் உரையாற்றப் போவார், கூட நான்கு பேர் போவார்கள். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று நம் ஊரில் கேட்பதை அங்கே யாரும் எழுத்தில் கேட்பதில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2025 பெப்ரவரியில் பிரதமர் ஹரினி அமரசூரிய ஜனாதிபதிகளின் வெளிநாட்டுப் பயணச் செலவுகளைப் பாராளுமன்றத்தில் வெளியிட்டார். மகிந்த ராஜபக்ச 2010 முதல் 2014 வரை சுமார் 357 கோடி ரூபா, மைத்திரிபால சிறிசேன தன் ஐந்து வருடத்தில் சுமார் 38 கோடி, ரணில் விக்கிரமசிங்க சுமார் 53 கோடி, அநுர குமார திசாநாயக்க முதல் சில மாதங்களில் மூன்று பயணங்களுக்கு 18 இலட்சம். பத்திரிகைகள் இதைப் பந்தயம் மாதிரிப் போட்டன. 357 கோடி பெரிய தொகை, அதில் கேள்வி இல்லை. ஆனால் 18 இலட்சத்தைப் பார்த்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, மிச்சத்தை யார் கட்டினார்கள் என்றுதான் தோன்றியது. அரசமுறைப் பயணத்தில் அழைக்கிற நாடு உபசரிப்பது வழக்கம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதே கேள்வியை ஒழுங்குமுறை அதிகாரியிடம் கொண்டுபோனால் விடயம் தலைகீழாக மாறும். வங்கிகளைக் கண்காணிக்கிறவரை ஒரு வங்கியோ, மென்பொருள் விற்கிற கம்பனியோ, முதலீட்டு நிறுவனமோ சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனால், அரச கணக்கில் செலவு பூச்சியம். கணக்காய்வாளருக்குப் பார்க்க வவுச்சரே இருக்காது. கணக்கில் ஒரு சதம்கூட வராத அந்தப் பயணத்துக்குத்தான் பிறகு வைப்பாளர்கள் விலை கொடுப்பார்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 2015 மே 18 அன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் நிர்வாகக் குழு உறுப்பினர் பெனுவா கெரே லண்டனில் ஒரு விருந்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் முதலீட்டு நிதியக்காரர்கள் இருந்தார்கள். வரும் வாரங்களில் கடன்முறிகளை (கடன் வாங்குவதற்காக விற்கிற பத்திரங்களை) வங்கி கொஞ்சம் கூடுதலாக வாங்கும் என்ற தகவல் அந்தப் பேச்சில் இருந்தது. பேச்சின் எழுத்து வடிவம் மறுநாள் காலையில்தான் பொதுவில் வந்தது, வந்ததும் யூரோவின் பெறுமதி இறங்கியது. உள்ளே நடந்த நடைமுறைத் தவறு என்று வங்கி சொன்னது. அந்தப் பயணத்தின் டிக்கெட் விலையை யாராவது தேடினார்களா? யாரும் தேடவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் கேள்வியானது. அதன் பிறகுதான் அந்த வங்கியின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் யாரை எப்போது சந்தித்தார்கள் என்ற நாட்குறிப்பு, மூன்று மாதப் பிந்தலோடு, 2016 முதல் வெளியாகத் தொடங்கியது. கனடாவில் அமைச்சர்கள், உயர் அதிகாரிகளின் பயண, உபசரிப்புச் செலவுகள் 2004இலிருந்து இணையத்தில் வருகின்றன. 2019இல் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கேட்காமலே போடுகிற வழக்கம் வந்துவிட்டால் "மேற்பார்வை" என்று எழுதுகிற கை கொஞ்சம் தயங்கும்.

இங்கே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 2015 பெப்ரவரி 27 திறைசேரி முறி ஏலத்தில் 100 கோடி ரூபாவுக்கு விலைமனு கோரிவிட்டு, 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வந்த ஜனாதிபதி ஆணைக்குழு விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்ட "பயணம்" எது தெரியுமா? அன்றைக்கு ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் அதே கட்டடத்துக்குள் பொதுப் படுகடன் திணைக்களத்துக்கு நேரில் போனது. அதற்கு எந்த வவுச்சரும் கிடையாது. சேமலாப நிதியும் அந்த முறிகளில் மாட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2025 ஓகஸ்ட் 22 கைதானதைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 2023 செப்டெம்பரில் ஹவானா, நியூயோர்க் போய்த் திரும்பும் வழியில் லண்டனுக்குப் போனது தனிப்பட்ட பயணம், அதற்கு அரச பணம் சுமார் 1.66 கோடி ரூபா போனது என்பது குற்றச்சாட்டு. அவர் மறுக்கிறார், சில நாளில் பிணையும் கிடைத்தது. சரி பிழை சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு முன்னாள் ஜனாதிபதியின் வழக்கே, அழைப்பு யாருக்கு வந்தது, அந்தத் துண்டுப் பயணம் அரசமுறையா சொந்தமா என்ற கேள்வியில்தான் நிற்கிறது. அதனால்தான் நான் டிக்கெட்டை விட்டுவிட்டு அழைப்புக் கடிதத்தைக் கேளுங்கள் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது. பயணத்தையே வெட்டு என்று கத்துவது சோம்பேறித்தனம். 2022 நெருக்கடியில் திறைசேரி செலவுக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கை போட்டது, அன்றைக்கு அது அவசியம். ஆனால் ஒழுங்குமுறை அதிகாரி மேசையை விட்டு எழும்பாவிட்டால் நட்டம் நமக்குத்தான். மலையகத்தில் நுண்கடன்காரர்கள் லயத்து வாசலுக்கே வந்து, பெண்களை ஐந்தாறு பேராகக் குழு சேர்த்துக் கடன் கொடுத்துவிட்டு, தவணை நாளில் வந்து குந்திக்கொண்ட காலத்தில், கொழும்பிலிருந்து எந்த மேற்பார்வை வாகனம் லயத்துப் பக்கம் வந்தது? 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் வாங்குகிற கம்பனிகளைத்தான் பிடித்தது. கடன் மட்டும் கொடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். அது சட்டத்தின் ஓட்டை என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் யாராவது நேரில் வரத்தான் வேண்டும். 2020இல் தி பினான்ஸ், ஈ.டி.ஐ. பினான்ஸ் என்ற இரண்டு நிதிக் கம்பனிகளின் அனுமதிப்பத்திரமும் ரத்தானபோது வைப்பாளர்கள் தெருவில் நின்றார்கள். நிறுவனம் விழுந்தால் வைப்பாளருக்குத் திருப்பிக் கிடைக்கிற உச்சத் தொகையான வைப்புக் காப்புறுதி எல்லை, அப்போது ஒருவருக்கு 6 இலட்சமாக இருந்தது, 2021இல் 11 இலட்சமானது. ஒரு கிளைக்கு நேரில் போய்ப் புத்தகத்தைப் புரட்டுகிற பயணத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் வைப்பேன்.

ஆகவே நீங்கள் கேட்கும்போது வெளிநாட்டுப் பயணம், நேரில் வந்து பார்க்கிற கள ஆய்வு இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். எந்த நிறுவனமோ அதன் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆர்.டி.ஐ. 1 என்ற படிவம் உண்டு, சாதாரணக் கடிதமும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "ஏன் இப்படி வீணாக்குகிறீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை, இன்ன பதவிக்கு மேற்பட்டவர்களின் வெளிநாட்டுப் பயணங்கள். ஒவ்வொன்றுக்குமான அழைப்புக் கடிதத்தின் பிரதி. டிக்கெட், தங்குமிடம், படி என்று எதை யார் செலுத்தினார் என்ற விவரம். முற்பணம் தீர்த்த திகதி. பயண அறிக்கையின் பிரதி. அப்புறம், அதே காலத்தில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நடந்த கள ஆய்வுகளின் எண்ணிக்கை. காலத்தை ஆறு மாதத்துக்கு மேல் போடாதீர்கள். கூடப் போட்டால் பக்கங்கள் அதிகம் என்று சொல்லி இன்னும் 21 நாள் நீட்டிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுப்பு வந்தால் அநேகமாக 5ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அதில் வங்கி, கடன் ஒழுங்குமுறை பற்றிய தகவல்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது பொருளாதாரக் கொள்கை முடிவுகளை முன்கூட்டியே வெளியிட்டு நாட்டின் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு வருவதைத் தடுக்க வைத்தது. போன வருடத்து ஹோட்டல் பில்லால் எந்த நாட்டுப் பொருளாதாரமும் சரியாது. தனிப்பட்ட தகவல் என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். கடமைக்காகப் போன பயணம் தனிப்பட்டதாக இருக்க முடியாது. தனிப்பட்டது என்றால் ஏன் கடமை விடுப்பு எடுத்தார் என்று அடுத்த கேள்வி வரும், அது அவர்களுக்கே தெரியும். பொது நலன் பெரிதாக இருந்தால் விலக்குள்ள தகவலையும் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது, அதை உங்கள் மேன்முறையீட்டில் எழுதுங்கள். மேன்முறையீடு முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, 14 நாட்களுக்குள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். நாட்கணக்கு தவறிவிட்டால் அவர்களுக்கு வேறு காரணமே தேவைப்படாது. அதனால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தருகிற துண்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் உங்களுக்கு உரிமை உண்டு. பதில் கடிதம் தமிழில் வர வேண்டும். ஆனால் இணைத்து வருகிற வவுச்சர்கள் எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழியில்தான் இருக்கும், பெரும்பாலும் சிங்களம் அல்லது ஆங்கிலம். அது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல. ஊரில் சிங்களப் பாடசாலையில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முதலில் தொகையைப் பார்க்காமல் "செலவைப் பொறுப்பேற்பவர்" என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.